செத்த ஊர்னு யார் சொன்னது?

வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன் நான். மதிப்பீட்டாளர் நகையை உரைத்துப் பார்த்து எடை சொல்வார், நான் எழுதுவேன். அந்தத் தங்கத்தை யார் தோண்டினார்கள் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

ரெண்டு நாள் லீவு போட்டுக் கோலார் தங்கவயல் போனேன். குடியாத்தம் பக்கத்துச் சேரியிலிருந்து எங்க தாத்தா பொழைக்கப் போன ஊர். மாரிக்குப்பத்தில் இறங்கினால், கேமராவோடு வந்த பையன்கள் ‘கோஸ்ட் டவுன்’ என்று சொல்லிச் சொல்லித் துருப்பிடித்த ஷாப்ட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேய்களின் ஊராம். லைன் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா என்னிடம் கேட்டார்: “அப்ப நாங்க யாரு தம்பி?”

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, மனுசருக்காக அல்ல, சுரங்கத்துக்காக. வடாற்காட்டுச் சேரி ஜனம் சாரைசாரையாக வந்து இறங்கியது. சாம்பியன் ரீப் மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம். பாறை வெடித்தால் பிணம்கூடக் கிடைக்காது. ஆண்டை வயலில் கைகட்டி நிற்பதைவிட அந்தக் குழிக்குள் இறங்குவது மேல் என்று நம் ஜனம் நினைத்தது என்றால், மேலே இருந்த ஊர் எப்படிப்பட்ட ஊர்? ஆய்வாளர்கள் பிழைப்புத் தேடிப் போனதாக எழுதுகிறார்கள். தப்பித்துப் போனது என்பேன் நான்.

தப்பிப் போன இடத்திலும் ஷிப்ட் முடிந்தால் உடம்பைத் தடவிச் சோதனை. 1930இல் எல்லோரும் கைரேகை பதியவேண்டும் என்றதும் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். நாங்க திருடங்களா என்பதுதான் கேள்வி. தினமும் மை டப்பாவை நீட்டிப் பெருவிரலை அழுத்தச் சொல்கிற எனக்கு இது சுருக்கென்று தைத்தது.

அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. அவர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்துதான் மறுபடி நடத்தினார். குழியிலிருந்து ஏறிவந்து பத்திரிகை படித்த ஜனம் இது. 2018இல் வந்த கன்னட சினிமா அதே ஊர்ப் பெயரை வைத்து, ஒரு ஹீரோ வந்து மீட்கும்வரை வாயில்லாமல் கிடந்த அடிமைகளைக் காட்டியது. சங்கம் கட்டினவனைக் காணோம்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். விடியலில் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். டிபன் டப்பாவோடு பெங்களூருக்குக் கூலிவேலைக்கும் கடைவேலைக்கும் ஏறுகிற கூட்டத்தில் கால்வைக்க இடமிருக்காது. முதலாளி போனதும் ஊர் செத்துப்போச்சு என்பது முதலாளியின் கணக்கு.

சயனைடு மலை மட்டும் அப்படியே நிற்கிறது. காத்தடிச்சா சோத்துல மண்ணு என்றார் அந்த அம்மா. வீட்டுக்காரர் நெஞ்சுச்சளியிலேயே போய்ச் சேர்ந்தவர். வீட்டுப் பத்திரத்துக்கு இன்னும் நடக்கிறார். 2024 ஜூனில் 13 கழிவுமேடுகளைத் திரும்பத் தோண்டக் கர்நாடக அமைச்சரவை இசைவு கொடுத்தது. குப்பையிலும் தங்கம் இருக்கிறதாம். சுரண்டுகிற வண்டி வருமுன் அந்த அம்மா கையில் பத்திரம் வரவேண்டும். தூசியைத் தின்ற குடும்பங்களுக்குத்தான் முதல் பங்கு, முதல் வேலை. இதைக் கேட்க தங்கவயலின் சங்கங்களோடு நம் மாணவர்களும் போய் நிற்கவேண்டும். கேமரா இல்லாமல்.