பிடுங்கத் தெரிந்த கைக்குப் பொருத்தத் தெரியாதா?

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது நாட்டார் வழக்கு. நொறுங்கத் தின்றிடப் பல் வேண்டுமே! அறுபதைக் கடந்த ஏழைக்கு அந்தப் பல்லைக் காத்துத் தருவது யார் பொறுப்பு? கேட்டுப் பாருங்கள், தோழர்களே! "வயதாயிற்று, பல் விழுகிறது, இதிலென்ன வியப்பு?" என்றே விடை வரும். வீட்டார் அப்படிச் சொல்வர். அண்டை வீட்டார் அப்படிச் சொல்வர். ஏன், பல்லை இழந்த முதியவரே குழிந்த கன்னத்தைத் தடவியபடி அப்படித்தான் சொல்வார். வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது, இடையிலே பல் எதற்கு என்று அவரையே பேச வைத்துவிட்டோம்!

தலைவிதி என்று ஒன்றில்லை எனத் தெருமுனையில் முழங்குகிறோம். ஆனால் இந்தத் தலைவிதி நம் பாட்டியின் வாய்க்குள்ளேயே குடியிருக்கிறதே, அதை விரட்டினோமா?

பல் விழுவது மூப்பின் விளைவன்று, நோயின் விளைவு. சொத்தை ஒரு நோய். ஈறு அழற்சி ஒரு நோய். இரண்டும் தடுக்கக் கூடியவை. தொடக்கத்தில் கண்டால் நிறுத்தக் கூடியவை. சான்று வேண்டுமா? 1968இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்தோரின் வாய்களை ஆராய்ந்தனர். 100 பேரில் 37 பேருக்கு ஒரு பல்லும் இல்லை! 2009இல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மீண்டும் ஆராய்ந்தனர்; 37 என்பது 6 ஆகக் குறைந்திருந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டில் ஆங்கிலேயர் மூப்படைவதை நிறுத்திவிட்டனரா? இல்லை! முன்னைவிட நீண்ட நாள் வாழ்ந்தனர், பல்லோடு வாழ்ந்தனர்.

ஜப்பானைப் பாருங்கள். 80 வயதில் 20 பல் என்ற குறிக்கோளை 1989இல் நாட்டின் முன் வைத்தனர். அன்று 80 வயதில் 20 பல் கொண்டோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2016 கணக்கெடுப்பில் பாதிப்பேருக்கு மேல் அந்த இலக்கை எட்டினர். விதி மாறிற்றா? மாறியது ஏற்பாடு! ஏற்பாட்டால் மாறும் ஒன்றை விதியென்று உரைப்பவன், அறிந்து உரைத்தால் ஏய்க்கிறான். அறியாது உரைத்தால் ஏமாந்திருக்கிறான்.

நம் நாட்டிலும், வேண்டுமென்றபோது அரசு விதியை வென்றுதான் இருக்கிறது. கண்ணிலே புரை வளர்வதும் முதுமையில்தான். "வயதாயிற்று, குருடாய் இரு" என்றா விட்டுவிட்டோம்? 1976இல் பார்வையிழப்புத் தடுப்புக்கென்று நாடு தழுவிய திட்டம் வகுத்தோம். ஊர்தோறும் முகாம், பேருந்தில் அழைத்துச் சென்று அறுவை, உள்ளே வில்லை, எல்லாம் இலவசம் என்று செய்து காட்டினோம். கண்ணுக்குக் கிடைத்த நீதி வாய்க்கு ஏன் கிடைக்கவில்லை? கண் உடலைச் சேர்ந்தது, வாய் அயலூரைச் சேர்ந்ததா?

ஆம், அப்படித்தான் பிரித்து வைத்தனர்! 1840இல் அமெரிக்க நாட்டுப் பால்டிமோரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரிக்கு வெளியே தனித்து எழுந்தது. அன்று முதல் பல்லுக்கு ஒரு படிப்பு, மற்ற உடலுக்கு ஒரு படிப்பு. இந்தியாவிலும் 1948இல் பல் மருத்துவருக்கெனத் தனிச் சட்டம் வந்தது. சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய பல் மருத்துவப் படிப்பும் பின்னர் தனிக் கல்லூரி ஆயிற்று. தனிப் படிப்பைக் குறை கூறவில்லை. அதனால் திறமை வளர்ந்தது. ஆனால் படிப்பைப் பிரித்தவர்கள் கணக்கையும் பிரித்தார்களே, அதைத்தான் கேட்கிறோம்! பொது மருத்துவத்தின் பேரேட்டில் இதயத்துக்கு ஒரு பக்கம், சிறுநீரகத்துக்கு ஒரு பக்கம். வாய்க்கு ஓரத்திலே ஒரு சிறு குறிப்பு!

காப்பீட்டைப் பாருங்கள். 2024 அக்டோபரில் எழுபது வயது கடந்தோர் அனைவருக்கும், ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி, ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மைய அரசின் காப்பீடு விரிக்கப்பட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து படுப்பவருக்கான காப்பீடு. சொத்தையை அடைக்கவும், ஈற்றைத் தூய்மை செய்யவும், பல்செட் கட்டவும் எவரும் கட்டிலில் படுப்பதில்லை. நாற்காலியில் அமர்ந்து எழுந்து போகிறார். கட்டிலுக்குக் காசு உண்டு, நாற்காலிக்குக் காசு இல்லை! ஐந்து இலட்சத்துக்கு அட்டை வைத்திருக்கும் முதியவர் ஒரு பல் அடைக்க வழியின்றி நிற்பதன் கதை இதுதான்.

"பல் போனால் சொல் போகும்" என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? நீரிழிவுக்கு மருந்து வாங்கச் செல்லும் மூதாட்டிக்கு மருத்துவர் அறிவுரை கூறுகிறார்: "சோற்றைக் குறையுங்கள், கீரை, காய்கறி, சுண்டல், கொய்யா சேருங்கள்." எதைக் கொண்டு மெல்வாள்? ஈற்றைக் கொண்டா? வீடு திரும்பி, குழைந்த சோற்றையும் கஞ்சியையுமே கரைத்துக் குடிக்கிறாள், சர்க்கரை ஏறுகிறது, "பாட்டி சொன்னபடி கேட்பதில்லை" என்ற பழியும் ஏறுகிறது! ஈறு நோய் நீரிழிவை முறுக்கிவிடுகிறது, நீரிழிவு ஈறு நோயை முறுக்கிவிடுகிறது. ஈற்றுக்கு மருத்துவம் செய்தால் இரத்தச் சர்க்கரையும் ஓரளவு தணிகிறது. ஆய்வுகள் காட்டிய உண்மை இது. நாம் கொடுக்கும் மாத்திரைகளிலேயே சில உமிழ்நீரை வற்றச் செய்து, பல்லின் வேரில் சொத்தை விழ வழி திறக்கின்றன. மாத்திரை கொடுத்த கை, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டாமா?

படுத்த படுக்கையானோர் நிலை இன்னும் கொடிது. வாயில் பெருகும் நோய்க்கிருமி மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவாகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடத்தி, 1999இல் லான்செட் ஏட்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. நாள்தோறும் வாயைத் தூய்மை செய்தவரிடையே நிமோனியா குறைந்தது. விலையுயர்ந்த மருந்தன்று, ஒரு தூரிகையும், அதைப் பிடிக்க ஒரு கையும், அவ்வளவே!

இனி, ஏழைக்குக் கிடைப்பது என்ன? பிடுங்கல்! வலி பொறுக்காத கடைசி நாளில் ஓடுகிறார். பல் போகிறது, வலி போகிறது. ஒன்று போய், பத்துப் போய், பொக்கை வாயாகிறது. பிடுங்கச் சில நிமிடம் போதும். பல்செட் அப்படியன்று: அச்செடுக்க ஒரு நாள், தாடையின் பொருத்தம் அளக்க ஒரு நாள், மெழுகில் அமைத்துப் பார்க்க ஒரு நாள், மாட்டிவிட ஒரு நாள், உறுத்துமிடம் தேய்த்துச் சீர் செய்ய மறுபடியும் ஒன்றிரண்டு நாள். ஒவ்வொரு முறையும் பேருந்துச் செலவு. துணைக்கு வரும் மகளுக்குக் கூலி இழப்பு. தனியாரிடம் சென்றாலோ பல ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகையில் அரிசி வாங்குவாளா, அரிசியை மெல்லப் பல் வாங்குவாளா?

"கஜானா தாங்குமா?" என்று கணக்குப்பிள்ளைகள் குறுக்கிடுவர். பழைய குரல்தான் இது. 1948 ஜூலை 5ஆம் நாள் பிரிட்டனில் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியபோது, பல்செட்டும் மூக்குக்கண்ணாடியும் விலையின்றி வழங்கப்பட்டன. ஏழைகள் வெள்ளமெனத் திரண்டனர். 1951இல் கொரியப் போரை ஒட்டி ஆயுதச் செலவு பெருகியது; நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலை கேட்டார். அப்பணியை உருவாக்கிய அன்யூரின் பெவன், சுரங்கத் தொழிலாளியாய் வாழ்வைத் தொடங்கியவர், பதவியை உதறி வெளியேறினார். துப்பாக்கிக்குப் பணம் தேடியவர்கள் முதலில் கை வைத்தது கிழவியின் பல்லில் என்பதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது!

"குழந்தைகளைக் கவனித்த பிறகு கிழவர்களைக் கவனிப்போம்" என்பார் வேறு சிலர். பேரனின் பெயரைச் சொல்லிப் பாட்டியின் தட்டைப் பறிக்கும் தந்திரம் இது. மருத்துவர் பற்றாக்குறை என்று சொல்லவும் வழியில்லை. நாட்டில் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. படித்த பிள்ளைகள் வேலை தேடி அலைகின்றனர். பல்லில்லாத முதியோர் மருத்துவரைத் தேடி அலைகின்றனர். இருவரையும் ஒரே அறையில் சந்திக்க வைப்பதற்குப் பெயர்தான் அரசாட்சி!

முடியாத செயலும் அன்று. கேரளம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தோருக்கு விலையில்லாப் பல்செட் வழங்க 'மந்தஹாசம்' என்ற திட்டம் வகுத்தது. புன்னகை என்பது அப்பெயரின் பொருள். தமிழ்நாடு 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொண்டு சென்றது. வீட்டு வாயில் வரை சென்ற மருத்துவம், முதியவரின் வாய் வரை செல்ல எத்தனை தொலைவு?

ஆகவே கேட்கிறோம். பல் மருத்துவர் இருக்கும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் பிடுங்கும் குறடோடு, அடைக்கும் கருவியும் மருந்தும் குறைவின்றி இருக்கட்டும். முதியோருக்கென்று கிழமை குறிக்கட்டும். வட்ட மருத்துவமனையில் அச்செடுத்து, மாவட்டத்தில் பல்செட் செய்து, வட்டத்திலேயே மாட்டிவிடட்டும். பல்செட் கருணைக் கொடையாகவன்றி, கண் வில்லையைப் போல உரிமையாக வரட்டும். காப்பீடு கட்டிலை விட்டு இறங்கி நாற்காலிக்கும் வரட்டும்.

இளைஞர்களே, கூட்டத்தில் கைதட்டிக் கலைந்திடும் செய்தியன்று இது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். பல் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார்? சொத்தை அடைக்கப்படுகிறதா, பிடுங்க மட்டும்தானா? சென்ற ஆண்டு எத்தனை முதியோருக்குப் பல்செட் கிடைத்தது? எழுதிக் கேளுங்கள், எழுத்திலே விடை பெறுங்கள். தெருவிலே எத்தனை பொக்கை வாய் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை உங்கள் சட்டமன்ற உறுப்பினர் முன் வையுங்கள்.

பொக்கை வாய்ச் சிரிப்பு அழகென்று படம் பிடித்து மாட்டியது போதும்! அந்த வாய்க்கு ஒரு பிடி சுண்டலை மெல்லும் வலிமையைத் திருப்பித் தருவோம்.