எல்லாரும் ஒரே சேர்ட்

தெருப் புகைப்படம் என்றதும் எங்களில் பலருக்கு ஒரு வகைதான் ஞாபகம் வரும். மழை, குடை, கறுப்பு வெள்ளையில் சுருக்கம் விழுந்த முகம். நெதர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஐக்கல்போமின் படங்களில் இதொன்றும் இல்லை. அதனாலேயே எங்களுக்கு அவரைப் பிடிக்கும். அவரோடு கொஞ்சம் கோபமும் உண்டு.

அவர் செய்வது இவ்வளவுதான். சனம் கூடுகிற தெருவொன்றில் போய் நிற்பார், கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பார். அண்டைக்கு என்ன உடுப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகுதோ, அதைப் போட்டுக்கொண்டு போற ஆக்களை மட்டும் எடுப்பார். கோடு போட்ட சேர்ட் என்றால் கோடு போட்ட சேர்ட்தான். கமெரா நெஞ்சில் தொங்கும், அதை அமத்துகிற வயர் காற்சட்டைப் பொக்கற்றுக்குள். ஒருத்தருக்கும் தெரியாது. ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு படங்களைக் கட்டம் கட்டமாக ஒரே பக்கத்தில் அடுக்குவார். 1992 இல் தொடங்கி ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், நியூயோர்க், ஷங்காய் என்று எடுத்தவை 2014 இல் பெரிய புத்தகமாக வந்தன. பெயர், '21ஆம் நூற்றாண்டின் மனிதர்கள்'. ஜேர்மன்காரர் ஓகஸ்ட் சாண்டர் போன நூற்றாண்டு மனிதர்களைத் தொழில்வாரியாகப் பிரித்து எடுத்தார், இவர் உடுப்புவாரியாக.

பக்கங்களைப் பார்க்க முதலில் சிரிப்புத்தான் வரும். 'எனக்கெண்டு ஒரு ஸ்ரைல்' என்று கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டு வெளிக்கிட்ட ஆக்கள் எல்லாரும் ஒரே மாதிரி நிற்கினம். நகரம் மாறுது, சேர்ட் மாறேல்லை. எங்கட குழுப்படத்தை எடுத்துப் பார்த்தோம்: ஆறு பேரில் நாலு பேர் கறுப்பு ரீசேர்ட்!

ஆனால் ஒன்று உறுத்துது. அந்தத் தெருக்களில் போற உடுப்புகளில் சிலதாவது கட்டுநாயக்கவில் தைத்ததாக இருக்கலாம். அங்கே 1978 இலிருந்து சுதந்திர வர்த்தக வலயம் இருக்கு, ஏற்றுமதிக்கு உடுப்புத் தைக்கிற பெண்கள் இருக்கினம். கட்டங்களுக்குள் வாங்கினவை மட்டும்தான் வருகினம். தைத்தவை ஏன் இல்லை என்று அவரைக் கேட்பது நியாயமில்லைதான். அவர் நிண்டது வேற தெருவில். என்றாலும் எங்களுக்குக் கேட்கத் தோன்றுது.

மற்றது, கேளாமல் எடுக்கிறது. நியூயோர்க்கில் பிரண்டன் ஸ்டான்டன் 2010 இலிருந்து ஆக்களைக் கேட்டு, கதைத்து, அவர்கள் சொன்னதையும் சேர்த்துப் போடுகிறார். அது மரியாதையான வேலை. ஆனால் கேட்டவுடனே மனிசர் நிமிர்ந்து நிற்பினம், தலைமயிரைச் சரிசெய்வினம். தெருவில் தன்பாட்டில் போற முகம் போய்விடும். படமாகப் பார்த்தால் ஐக்கல்போமின் நகரம்தான் எங்களுக்கு உண்மையாகத் தெரியுது. அதை நம்பித்தான் நாங்களும் ஒரு பின்னேரம் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றோம். இங்கே கமெராவோடு நிற்கிறவனை ஆக்கள் ஏன் வேற மாதிரிப் பார்ப்பினம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏழாவது படத்தில் ஒரு அம்மா நின்று, "தம்பி, என்னத்துக்கு எடுத்தனீங்கள்?" என்று கேட்டா.

கோடு போட்ட சேர்ட் கதையை அவவிடம் சொல்ல வாய் வரேல்லை. அவவுக்கு முன்னாலேயே ஏழையும் அழித்தோம்.