ஃபைல் தேதி சாட்சி சொல்லுமா?

போன செமஸ்டர் ஓ.எஸ். லேபில் நடந்த கதை. ரெண்டு பேரோட புரோகிராம் ஒரே மாதிரி இருந்தது, கமென்ட்டில் இருந்த ஸ்பெல்லிங் மிஸ்டேக் உட்பட. யார் யாரைப் பார்த்து எழுதினது? லேப் மெஷினில் ரெண்டு ஃபைலோட தேதியைப் பார்த்தாங்க. ஒன்று செவ்வாய், இன்னொன்று புதன். புதன்கிழமைக்காரன் என் ரூம்மேட். அவனுக்கு மார்க் பூஜ்யம்.

உண்மையில் அவன் ஞாயிற்றுக்கிழமையே தன் லேப்டாப்பில் எழுதி முடிச்சவன். திங்கட்கிழமை ஒருத்தன் கெஞ்சிக் கேட்டான்னு மெயிலில் அனுப்பினான் (அது தப்புதான், மறுக்கல). தான் மட்டும் புதன்கிழமை பென் டிரைவில் கொண்டுவந்து லேப் மெஷினில் காப்பி பண்ணான். காப்பி பண்ண நேரம்தான் ஃபைலோட நேரமா பதிஞ்சுது.

இதில் வேடிக்கை என்னன்னா, அந்த வாரம் நாங்க செஞ்ச எக்ஸர்சைஸே ஸ்டாட் சிஸ்டம் கால். ஃபைலைத் திறக்காமலே அதன் விவரங்களைக் கேட்டு வாங்குவது. எல்லாரும் ரெக்கார்டில் எழுதினோம், கையெழுத்தும் வாங்கினோம். அந்தத் தேதிக்கு என்ன அர்த்தம்னு ஒருத்தருக்கும் தெரியல.

ஸ்டாட் புதுசு இல்லை. 1971 நவம்பரில் பெல் லேப்ஸில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கு. அப்போ அது திருப்பிக் கொடுத்தது வெறும் 34 பைட். அதில் ரெண்டு நேரம் உண்டு: உருவான நேரம், கடைசியாக மாறிய நேரம். 1975-ல் வந்த ஆறாம் பதிப்பில் 36 பைட். அங்கே உருவான நேரம் கிடையாது. கடைசியாகப் படித்த நேரமும் மாறிய நேரமும்தான். 1979-ல் ஏழாம் பதிப்பு மூன்றாவதாக சி.டைம் என்று ஒன்றைச் சேர்த்தது. வைவாவில் நம்மில் பாதிப் பேர் 'சி என்றால் கிரியேட் சார்' என்கிறோம். இல்லை. ஐநோட் கடைசியாக மாறிய நேரம் அது. பெர்மிஷனை மாற்றினாலே அதுவும் மாறிவிடும். உருவான நேரத்தைக் கேட்டு வாங்க லினக்ஸில் 2017-ல்தான் ஸ்டாட்எக்ஸ் என்ற தனி கால் வந்தது. அதுவும் இந்த டிஸ்கில் உருவான நேரத்தைத்தான் சொல்லும். ஹாஸ்டல் லேப்டாப்பில் உட்கார்ந்து எழுதின நேரத்தை எந்த கால் சொல்லும்?

நம்ம ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கு. செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. ஓலையின் கடைசியில் ஒரு தேதி இருந்தால், பெரும்பாலும் அது பிரதி எடுத்தவர் எழுதி முடித்த நாள். நூல் பிறந்த நாள் இல்லை. சுவடி படிப்பவர்கள் இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கம்ப்யூட்டர் படிக்கும் நாம குழப்பிக்கிறோம்.

என் கோரிக்கை சின்னது. ஸ்டாட் எக்ஸர்சைஸுக்கு முன்னாடி ஒரே ஒரு பீரியட், ஆறாம் பதிப்பின் ஸ்டாட் கோடை வகுப்பில் உட்கார்ந்து படிக்கணும். மொத்தமே இருபது வரி பக்கம்தான். ஐநோட் எண்ணோடு 31 கூட்டி 16-ஆல் வகுத்தால், அது எந்த டிஸ்க் பிளாக்கில் இருக்குன்னு வந்துவிடும். ஏன்? ஒரு ஐநோட் 32 பைட், ஒரு பிளாக் 512 பைட். முதல் ரெண்டு பிளாக் வேறு வேலைக்கு. அப்புறம் 14 வேர்டை மெமரியிலிருந்து எடுக்கும், 4 வேர்டை டிஸ்கிலிருந்து எடுக்கும். அந்த நாலு வேர்டுதான் ரெண்டு நேரமும். மெமரியில் இருக்கும் ஐநோட்டில் நேரத்துக்கு இடமே ஒதுக்கல! ஃபைலோட பெயரும் இதில் எங்கேயும் இல்லை. அது டைரக்டரியில் இருக்கு. இதை ஒரு தடவை பார்த்தவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

'பி.டி.பி.-11 காலத்துக் கோடைப் படிச்சா பிளேஸ்மென்ட் கிடைக்குமா?' என்பீர்கள். நேரடியாகக் கிடைக்காது. ஆனால் இன்றைய லினக்ஸ் கெர்னலை ஒரு பீரியடில் படிக்க முடியாது, இதை முடியும். ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் 1970-களிலேயே ஆறாம் பதிப்பின் கெர்னல் கோடை மாணவர்களோடு வரி வரியாகப் படித்தார். பிறகு லைசென்ஸ் அதற்குத் தடை போட்டபோது, அவர் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தே ஒரு தலைமுறை படித்தது. நமக்கு அந்தத் தடையும் இல்லை. 2002 முதல் அந்தக் கோடு எல்லாருக்கும் இலவசம். நாம ஜெராக்ஸ் எடுப்பது சீனியர் ரெக்கார்டை மட்டும்தான்.

ரூம்மேட்டுக்குப் போன மார்க் திரும்ப வரப்போவதில்லை. ஆனால் நாளைக்கு நாமளே ஒரு ஆபீஸில் லாக் ஃபைலைப் பார்த்து 'இவன்தான் செஞ்சான்' என்று கை நீட்டப் போகிறவர்கள். அதற்கு முன்னால் அந்தத் தேதி எதைச் சொல்லுது, எதைச் சொல்லலைன்னு தெரிஞ்சிருக்கணும்.