அன்றாடத்தைச் சென்னைக்கு எழுதிக்கொடுத்தது யார்?

தமிழ் இலக்கிய இதழ்களைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் பழகிப்போயிருக்கும். தலைப்பில் 'நகரம்' என்ற சொல் இருந்தால் உள்ளே இருப்பது சென்னை. மின்சார ரயில், மேன்ஷன் அறை, தண்ணீர் லாரி, மெரினாவின் மாலை நேரம். எங்கோ ஓர் ஓரத்தில் மதுரையோ கோவையோ தலைகாட்டும். அவற்றினும் சிறிய ஊர்களுக்கு நம் இலக்கியச் சூழல் இரண்டே இருக்கைகளை ஒதுக்கியிருக்கிறது. ஒன்று எழுத்தாளரின் பால்யம், மற்றது தலபுராணம். பால்யம் முடிந்தவுடன் எழுத்தாளர் ரயிலேறிவிடுகிறார். தலபுராணமோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. இடையில் இன்று காலை அந்த ஊரில் என்ன நடந்தது என்பதற்கு இடமே இல்லை. இந்த ஏற்பாட்டை ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் முன்வைத்து மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நகரப் பகுதிகளில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 3 கோடியே 49 லட்சம் பேர். புறநகர்களையும் சேர்த்துச் சென்னையின் மக்கள்தொகை 86 லட்சத்துக்குச் சற்று மேல். அதாவது தமிழ் நகரவாசிகளில் நான்கில் ஒருவர்தான் சென்னைக்காரர். மற்ற மூவரும் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். அதே கணக்கில் ராஜபாளையம் நகராட்சியில் 1,30,000 பேர், பதினொரு கிலோமீட்டர் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,000 பேர். இரண்டு ஊர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலை இவ்விரண்டையும் ஒரே சரட்டில் கோத்திருக்கிறது. ஓர் ஊரில் உறங்கி மற்றோர் ஊரில் வேலை பார்க்கிறவர்கள் ஏராளம். இவர்களைக் கிராமத்தார் என்று சொல்ல முடியாது. இலக்கியமோ இவர்களை நகரத்தார் என்றும் ஏற்பதில்லை.

இதற்குச் சென்னையைக் குற்றம் சொல்வது வீண். சென்னைக்காரர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். எஸ். முத்தையா 1991-இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழைத் தொடங்கித் தெருத்தெருவாகத் தகவல் சேர்த்தார். 2004 முதல் ஆகஸ்டு 22-ஐ நகரின் நாளாகக் கொண்டாடவும் செய்தார்கள். அசோகமித்திரன் ஒரு தெருவின் தண்ணீர்ப் பஞ்சத்தை நாவலாக்கினார். சென்னையைப் பற்றித் தனியே கட்டுரை நூலும் எழுதினார். தண்ணீர்க் குழாயடியில் காத்திருப்பது எழுதத் தகுந்த பொருள் என்று அவருக்குத் தோன்றியது. அதே குழாயடி எங்கள் ஊரிலும் இருந்தது. இங்கே எவருக்கும் அப்படித் தோன்றவில்லை. குறை அங்கே இல்லை, இங்கே இருக்கிறது.

எங்கள் ஊர்களைப் பற்றி வெளியுலகுக்கு என்ன தெரியும்? பெரிய கோபுரம் தெரியும். பால்கோவா தெரியும், 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராஜபாளையம் நாயைத் தெரியும். 2005-இல் அதன் படத்தோடு அஞ்சல்தலை வந்தது. நூற்பாலைகளைத் தெரியும், ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட ஆண்டு 1936. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜாவின் பெயர் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர் ஆட்சிக் காலத்தில் உருவான அரசு முத்திரையிலுள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையதா, மதுரையுடையதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அந்த வாதத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காட்டும் வேகத்தைப் பார்க்கும்போது ஒன்று கேட்கத் தோன்றுகிறது. 1949-இல் அந்தக் கோபுரத்தின் அடியில் என்னென்ன கடைகள் இருந்தன, யார் யார் உட்கார்ந்து என்ன விற்றார்கள் என்று எவராவது எழுதிவைத்திருக்கிறார்களா? முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரமாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அதன் நிழலில் இருந்த ஊர் எங்கே?

ஆண்டாள் சூடிக்களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் மதுரைக்கு அழகருக்கும் போகிறது. ஆண்டுதோறும் படத்தோடு செய்தி வருகிறது. அந்தப் பூவைப் பறித்த கைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. மார்கழியில் பகல்பத்துத் தொடங்கும் நாளில் ஆண்டாளுக்குக் காய்கறிகளைக் குவித்துப் பச்சை பரப்புகிறார்கள். அன்று சந்தையில் கத்திரிக்காய்க்கும் பூசணிக்கும் விளைவித்தவனுக்கு என்ன விலை கிடைத்தது என்பது எந்த ஏட்டிலும் இல்லை. ஆலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் பஞ்சுத் துகள் படிந்த தலையோடு வேனில் ஏறும் பெண்கள், சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்து தள்ளும் மருத்துவக் கட்டுத்துணி, கூலி உயர்வு கேட்டு அந்தத் தறிகள் நின்றுபோகும் நாட்களின் விநோதமான அமைதி, தளவாய்புரத்தில் வீட்டுத் திண்ணைகளிலும் தைக்கப்படும் நைட்டிகள், மாம்பழக் காலத்தில் கூடைகளில் இறங்கும் சப்பட்டையும் பஞ்சவர்ணமும், அய்யனார் கோவில் ஆற்றிலிருந்து ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வரும் தண்ணீர், அது குழாய்க்கு வருவதற்குள் தெருவில் நடக்கும் விசாரணைகள். இரவில் பொதிகை ரயில் வந்து நிற்கும்போது மகனை ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பும் தகப்பன்கள். இவற்றில் எது சென்னையின் மின்சார ரயிலைவிடத் தாழ்ந்தது?

'அங்கே என்ன பெரிதாக நடந்துவிடுகிறது?' என்று கேட்பார்கள். தமிழ் படித்தவர்கள் கேட்கக்கூடாத கேள்வி இது. மதுரைக்காஞ்சி பகலங்காடியையும் அல்லங்காடியையும் நாழிகைக் கணக்கில் சொல்லிக்கொண்டு போகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், போன கப்பல், சரக்கு விலை, வழக்கு, வதந்தி எல்லாம் அதில் இருக்கின்றன. இன்று தென்னிந்திய வரலாறு எழுதுகிறவர்களால் அதைத் தொடாமல் தாண்டிச் செல்ல முடியாது. அன்றைய புதுச்சேரி பெருநகரம் என்பதால் அவர் எழுதவில்லை; அவர் எழுதியதால் அந்த ஊரின் ஒவ்வொரு நாளும் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? ஸ்ரீவில்லிபுத்தூரின் இலக்கியப் பெருமையே அன்றாடத்தில் முளைத்ததுதானே! பெரியாழ்வார் பாடியது குழந்தையை நீராட்டுவதையும் தொட்டிலாட்டுவதையும் நிலவைக் காட்டுவதையும். திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஒரு விடியற்காலையின் அத்தனை ஓசைகளும் இருக்கின்றன: பறவைகளின் பேச்சு, தயிர் கடையும் ஒலி, மேய்ச்சலுக்கு இறங்கும் எருமைகள், எழுந்திருக்க மறுக்கும் தோழி. பக்தியை ஒரு கணம் ஒதுக்கிவைத்துப் பார்த்தால் அது ஊர் விழிக்கும் நேரத்தின் மிகக் கூர்மையான அவதானிப்பு. ஆண்டுதோறும் மார்கழி முப்பது நாளும் அதை ஒலிபெருக்கியில் கேட்கும் ஊரில், ஒலிபெருக்கியை நிறுத்திய பிறகு கேட்கிற ஓசைகளை எழுத ஓர் ஆள் இல்லை. இதைக் காட்டிலும் அந்தப் பாசுரங்களுக்கு நாம் செய்யக்கூடிய அவமரியாதை வேறு என்ன?

'அதற்குத்தான் செய்தித்தாள் இருக்கிறதே' என்பது அடுத்த பதில். நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டதை அவர்களாவது எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பக்கத்தின் மொழியில் எல்லாத் துயரத்துக்கும் ஒரே பெயர்தான்: பொதுமக்கள் அவதி. பள்ளம் தோண்டிப் போட்டால் பொதுமக்கள் அவதி, பேருந்து வராவிட்டால் பொதுமக்கள் அவதி. பொதுமக்கள் என்ற அந்த ஆளுக்கு முகம் கிடையாது, வயது கிடையாது, சொந்தப் பேச்சும் கிடையாது. தோண்டிய பள்ளத்தின்மேல் பலகை போட்டு இட்லிக் கடையைத் தொடர்ந்து நடத்துகிற பெண்ணுக்கு அவதியோடு சேர்ந்து ஒரு சாமர்த்தியமும் எகத்தாளமும் உண்டு. அதை எழுதுவது நிருபரின் வேலையன்று. இலக்கியம் அறிந்தவனின் வேலை.

மூன்றாவது பதில் கொஞ்சம் கனமானது. 'நாகர்கோவிலுக்கு ஒரு சுந்தர ராமசாமி கிடைத்தார், ஒரு புளியமரமும் நாற்சந்தியும் நாவலாயின. திருநெல்வேலிக்கு வண்ணதாசனும் வண்ணநிலவனும் கிடைத்தார்கள். உங்கள் ஊருக்கு அப்படி ஒருவர் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்' என்கிறார்கள். இதில் பாதி உண்மை. பெரும் படைப்பாளி கேட்டால் வருகிறவரல்லர். ஆனால் குறிப்பெழுதப் பெரும் படைப்பாளி எதற்கு? மேலும், எங்கள் ஊர்களில் கல்வி வறட்சி இருந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்றைய திருநெல்வேலி கலெக்டர் பென்னிங்டன் பெயரால் நூலகம் அமைந்தது 1875-இல். சென்னையின் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது 1896-இல். நூலகம் காணும் விஷயத்தில் தலைநகரத்தின் அந்தப் புகழ்பெற்ற கட்டடத்தைவிட இருபத்தொரு ஆண்டு மூத்த ஊர் இது.

ராஜபாளையத்தில் மு.கு. ஜகந்நாத ராஜா இருந்தார். தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்ட சமூகத்தில் பிறந்து, பிராகிருதமும் பாலியும் சமஸ்கிருதமும் கற்றவர். வில்லிபுத்தூர்ப் பெண்ணைப் பற்றி விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் பாடிய 'ஆமுக்த மால்யதா'வைத் தமிழாக்கினார். அதற்கு மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமி பரிசு 1989-க்குரியதாகக் கிடைத்தது. பதினொரு கிலோமீட்டர் தூரத்தில் பிறந்த கதை ஹம்பிக்குப் போய்த் தெலுங்காகி, ராஜபாளையம் வழியாகத் தமிழுக்குத் திரும்பியது. பிராகிருதத்தின் காதா சப்தசதியையும் அவர் தமிழுக்குத் தந்தார். அது என்ன? பெயர் தெரியாத சிற்றூர்களின் வயலும் வாசலும் காதலும் பூசலும்தான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அன்றாடம் இவ்வளவு தூரம் கடந்து நம்மிடம் வந்துசேர்ந்தது. 2008-இல் அவர் மறைந்தார். அந்த நூலைக் கையில் வைத்திருக்கும் ஊரில் இன்றைய வயலையும் வாசலையும் பார்க்கக் கண் திறக்கவில்லை என்றால் அது அறிவின் குறைபாடு அன்று.

வேறு என்ன? அச்சம். இதைச் சொல்லாமல் மேலே உள்ள எதையும் சொல்லிப் பயனில்லை. சென்னையில் எழுதுகிறவனுக்குக் கூட்டம் திரையாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி எழுதினாலும் பக்கத்து வீட்டுக்காரன் வாசிக்கப்போவதில்லை. இங்கே அப்படியில்லை. எழுதியவன் மறுநாள் அதே தெருவில் நடக்கவேண்டும், அதே டீக்கடையில் நிற்கவேண்டும். ஆலையைப் பற்றி எழுதினால் ஆலையில் மைத்துனன் வேலை பார்க்கிறான். கோவிலைப் பற்றி எழுதினால் ஒரு தரப்பு, சாதியைப் பற்றி எழுதினால் எல்லாத் தரப்பும். ஆகவே ஊரிலுள்ள படித்தவர்கள் பாதுகாப்பான இரண்டு பொருள்களுக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள்: ஊரின் தொன்மையும் தம் இளமையும். நினைவேக்கம் என்று நாம் இலக்கியத்தில் கொண்டாடுவதில் கணிசமான பகுதி இந்த ஒதுங்கலே.

ஒதுங்குவதற்கு விலை உண்டு. 2018 ஜனவரியில் கவிஞர் வைரமுத்து ராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அதன் சரியும் தவறும் இங்கே பொருளல்ல. அதைத் தொடர்ந்து தமிழகம் முழுவதும் எழுந்த சர்ச்சையில் இந்த இரண்டு ஊர்களின் பெயர்களும் ஓயாமல் ஒலித்தன. ஊர் மட்டும் எங்கும் இல்லை. ஆண்டாள் இங்குள்ள பெண்களுக்கு என்னவாக இருக்கிறாள், ஆடிப்பூரத் தேரைப் பார்க்க ஆலை விடுப்புக் கேட்டு நிற்கிறவள் அவளை எப்படி அழைக்கிறாள் என்று சொல்ல ஒரு பழைய குறிப்புக்கூட எவரிடமும் இல்லை. எழுதாத ஊருக்காக மற்றவர்கள் பேசுவார்கள். அவர்களுக்கு வேண்டியபடி பேசுவார்கள்.

இன்னொரு விலையை வகுப்பறையில் பார்க்கிறேன். 'என் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் கோபுரத்தின் உயரத்தை எழுதுகிறார்கள், பால்கோவா எழுதுகிறார்கள், மலையணிலுக்குச் சரணாலயம் வந்த ஆண்டையும் அது 2021-இல் புலிகள் காப்பகமாக விரிந்ததையும்கூடச் சிலர் சரியாக எழுதுகிறார்கள். தாய் இரவு ஷிப்ட் முடித்து வந்து சமைத்துவைத்த சோற்றைத் தின்றுவிட்டு வந்த பிள்ளை, தாயை எழுதுவதில்லை. அது எழுத்துக்கு உரியது என்று எந்தப் புத்தகமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தங்கள் வாழ்க்கை இலக்கியத்துக்கு வெளியே கிடப்பது என்று நம்பிக்கொண்டே அவர்கள் தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்குகிறார்கள்.

தீர்வு பெரிய காரியமன்று. இந்த ஊர்களில் தமிழ் படித்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். வாரம் ஒரு பக்கம் போதும். நாள், கிழமை, இடம், விலை, கேட்ட பேச்சு, அதைச் சொன்னவரின் தொழில். பெயரைத் தவிர்க்க வேண்டுமானால் தவிர்த்துவிடலாம். ஆண்டைத் தவிர்க்கக் கூடாது. உவமை வேண்டாம், உணர்ச்சிக் கொந்தளிப்பு வேண்டாம், 'அந்தக் காலத்தில்' என்று தொடங்கவே வேண்டாம். எழுதியதில் ஒரு படியைப் பென்னிங்டன் நூலகம் போன்ற ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் ஐம்பது ஆண்டு கழித்து ஒரு நாவலாசிரியரோ வரலாற்றாசிரியரோ அதைத் தேடி வருவார். வராவிட்டாலும் நட்டமில்லை. தன் தெரு எழுத்தில் ஏறியதைப் பார்த்த ஒரு மாணவியாவது அடுத்த கட்டுரையில் கோபுரத்தின் உயரத்தை விட்டுவிட்டுத் தாயின் ஷிப்ட் நேரத்தை எழுதுவாள்.

இலக்கிய இதழ்களின் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை நகரச் சிறப்பிதழ் கொண்டுவரும்போது நான்கு பக்கத்தில் ஒரு பக்கத்தைச் சென்னைக்குக் கொடுங்கள். மக்கள்தொகைக் கணக்குப்படி அதுதான் அதன் பங்கு. மீதி மூன்று பக்கத்தை எங்களிடம் கேளுங்கள். அப்போதும் நாங்கள் தலபுராணத்தை அனுப்பிவைத்தால், தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.