வில்லுக்கேற்ற அம்பு

வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றின் 152ஆம் பாடல் கூறுகின்றது. அவனுக்குக் கிடைத்த பெயரோ வில்லைச் சார்ந்தது. அந்த அம்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இன்றைய அமெரிக்க வில்வேட்டைச் சந்தையிலும் இதே கதைதான். விளம்பரங்கள் வில்லின் வேகத்தையே பறைசாற்றுகின்றன.

அந்த வேகம் பெரும்பாலும் 70 இறாத்தல் இழுவிசையுள்ள வில்லில், 350 கிரெயின், அதாவது ஏறத்தாழ 23 கிராம் எடையுள்ள அம்பை வைத்து அளக்கப்படுவது. அதை நம்பி, அவ்வளவு இலேசான அம்போடு காட்டுக்குள் போவது தவறு என்பதே எனது கருத்து.

இலேசான அம்பு எடுத்துச் செல்லாத சக்தி வில்லிலேயே தங்கி, அதிர்வாகவும் சத்தமாகவும் வெளிப்படும். மான் 30 மீற்றர் தொலைவில் நிற்கின்றது என்போம். செக்கனுக்கு 85 மீற்றர் செல்லும் அம்பு அதனை அடைய 0.35 செக்கன் ஆகும். நாணொலியோ 0.09 செக்கனில் போய்ச் சேர்ந்துவிடும். எஞ்சும் கால் செக்கனில் மான் உடலைத் தாழ்த்திப் பாயத் தொடங்கிவிடும். எந்த வில்லும் ஒலியை முந்துவதில்லை. பாரமான அம்பு சற்று மெதுவாகச் சென்றாலும் வில்லின் சத்தத்தைக் குறைக்கின்றது. உந்தம் மிகுதியாதலால் ஆழமாகவும் ஊடுருவுகின்றது. தூரக் கணிப்புப் பிழைத்தால் அது கூடுதலாகத் தாழும் என்பது உண்மையே. அதற்குப் பரிகாரம் இன்னும் கிட்டச் செல்வதுதான்.

எடை மட்டும் போதாது. தண்டின் விறைப்பும் வில்லுக்குப் பொருந்த வேண்டும். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவே 880 கிராம் நிறையைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகின்றது என அளப்பார்கள். அரை அங்குலம் வளைந்தால் அதன் இலக்கம் 500. இலக்கம் குறையக் குறைய விறைப்பு அதிகம். தண்டு நீண்டாலும், முனை பாரமானாலும் அம்பு கூடுதலாக நெளியும். பயிற்சி முனையில் மறைந்திருக்கும் இக்குறை, அகன்ற அலகுள்ள வேட்டை முனையைப் பொருத்தியதும் அம்பலமாகும். அலகுகள் முன்புறச் சிறகுகளாகிக் காற்றைப் பிடித்து அம்பைத் திசைதிருப்பிவிடும்.

ஆகவே, வேட்டை முனையோடு எய்து பார்க்காதவன் காட்டுக்குப் போகக்கூடாது. இலக்குப் பலகையில் நான்கு அங்குலம் பிழைத்தால் புள்ளி குறையும். மானில் பிழைத்தால், நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட்டு, அந்தச் சீவன் பல மணிநேரம் துடித்துச் சாகும். வேட்டையை ஏற்பவரும் எதிர்ப்பவரும் அந்த வேதனை வேண்டாம் என்பதிலாவது ஒன்றுபடலாம்.