கடைசி வரியைப் படிக்கிற கனவான்களே!

மக்களே, ஒரு சின்ன பஞ்சாயத்து. கொஞ்சம் காரமா இருக்கும், கோவிச்சுக்காதீங்க.

லினக்ஸ்ல ஒரு லைப்ரரியை சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்றான் ஒரு பையன். எர்ரர் வருது. நம்ம ஆளுங்ககிட்ட கேக்குறான். என்ன பதில் வருது? "மொத்தத்தையும் அழிச்சிட்டு மறுபடி போடு." "சூடோ போட்டு ஓட்டு." "இந்த ஃப்ளாக்கைப் போட்டா எர்ரர் வராது." ஏன்னு மட்டும் ஒருத்தரும் சொல்றதில்லை. இதுக்குப் பேரு உதவியா? தாயத்து மந்திரிச்சுக் கட்டுறதுங்க இது.

இதுல என்ன நஷ்டம்னு கேப்பீங்க. எங்க திருவேங்கடம் மாதிரி ஊர்ல இருக்கிற பையன் நாலு தாயத்து கட்டிப் பார்ப்பான். பலிக்காது. "நமக்கு இங்கிலீஷ் வராது, இது நமக்கு ஒத்து வராது"ன்னு மூடி வெச்சிடுவான். அட, கம்பைலர் பேசுறது இங்கிலீஷா? ஃபைல் பேரு, வரி நம்பர், என்ன குறை. அவ்வளவுதான்யா மேட்டரு!

உதாரணத்துக்கு டெசராக்ட். படத்துல இருக்கிற எழுத்தைப் படிக்கிற மென்பொருள், தமிழும் படிக்கும். ஹெச்பி கம்பெனியில 1980கள்ல ஆரம்பிச்சு, 2005ல திறமூலமா வெளிவந்தது. இதை பில்ட் பண்ண லெப்டோனிகான்னு இன்னொரு லைப்ரரி வேணும். "லெப்டோனிகா இல்லை"ன்னு கன்ஃபிகர் கத்தும். "நான்தான் போட்டுட்டேனே"ன்னு பையன் அழுவான். ரெண்டு பேர் சொல்றதும் நிஜம். டெபியன், உபுண்டுல லைப்ரரி வேற பொட்டலம், கம்பைல் பண்ணத் தேவையான ஹெட்டர் ஃபைல்கள் வேற பொட்டலம். பேரு கடைசியில 'டெவ்'னு இருக்கிறதைப் போடணும். இந்த ஒரு வரி விளக்கம் சொன்னா நூறு எர்ரரை அவனே தீர்த்துக்குவான்.

எர்ரர் எந்தக் கட்டத்துல வருதுன்னு பார்த்தாலே பாதி தீர்ந்துது. ஹெட்டர் கிடைக்கலைன்னா டெவ் பொட்டலம் இல்லை. 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்'னு வந்தா கம்பைல் முடிஞ்சாச்சு, லிங்க் பண்றப்ப லைப்ரரி சேரலை. இன்ஸ்டால் பண்ணி ஓட்டுறப்ப லைப்ரரி ஃபைலைத் திறக்க முடியலைன்னா பெரும்பாலும் எல்டிகான்ஃபிக் ஓட்டணும். மூணும் வேற வேற வியாதி. ஒரே மாத்திரை எப்படிய்யா கேக்கும்?

அப்புறம் இந்தக் கடைசி வரி! 'மேக் எர்ரர் 2'ங்கிறது சாவு செய்தி. யார் கொன்னாங்கன்னு அதுல இருக்காது. மேல போய் முதல் எர்ரரைப் பாருங்க. கீழ இருக்கிற ஐம்பதும் அதோட பிள்ளைகுட்டிதான். சங்கரன்கோவில்ல தறி ஓட்டுறவங்களைக் கேளுங்க. இழை அறுந்தா அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போடுவாங்களா, மொத்தப் பாவையும் வெட்டி எறிவாங்களா?

ரொம்பக் கொடுமை, எர்ரரை அமுக்கச் சொல்றவங்க. 2024ல வந்த ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டா எச்சரிக்கையோட விடாம எர்ரராவே ஆக்கிடுச்சு. உடனே "பெர்மிஸிவ் ஃப்ளாக் போடு"ன்னு ஒரு கூட்டம். அறிவிப்பு இல்லைன்னா அந்த ஃபங்ஷன் இன்ட் தரும்னு சி நினைச்சுக்கும். நிஜத்துல அது பாயின்டர் தந்தா, 64 பிட் மெஷின்ல பாதி முகவரி போயிடும். கம்பைல் ஆகும், ஓடும், என்னைக்காவது நடுராத்திரி கவுந்துடும். ஒரு ஹெட்டரைச் சேர்த்தா முடியுற வேலை!

சில சமயம் கோட்ல குத்தமே இருக்காது. 'கில்டு'னு வந்து 'சிசி1பிளஸ்' செத்துக் கிடந்தா, அனேகமா ரேம் பத்தலை. 2 ஜிபி லேப்டாப்புல 'ஜே8' போடச் சொன்ன புண்ணியவான் யாரு? 'ஜே1' போட்டு, ஸ்வாப் கொஞ்சம் கூட்டினா மெதுவா ஆனாலும் முடிஞ்சிடும்.

"ஆப்ட்ல ரெடியா இருக்கே, ஏன் கம்பைல் பண்ணணும்?"னு ஒரு கேள்வி வரும். நியாயம். அது போதும்னா அதையே போடுங்க, வேண்டாங்கலை. ஆனா தமிழைத் தப்பாப் படிக்கிற ஒரு மென்பொருளை உள்ள இறங்கித் திருத்தணும்னா, திருத்தினதை பில்ட் பண்ணத் தெரிஞ்ச தமிழன் வேணுமா வேணாமா? ஊர்ல ஒருத்தன் அப்படி வளர்றப்ப தாயத்து கட்டி விரட்டிட்டு, "தமிழுக்கு யாரும் செய்யலை"ன்னு புலம்பிப் பதிவு போடாதீங்க சாமி.

இனிமே யாராவது கேட்டா, முதல் எர்ரரைக் கேளுங்க. கம்பைலர் வெர்ஷனைக் கேளுங்க. தீர்வோட சேர்த்து 'ஏன்'னும் சொல்லுங்க. தெரியலைன்னா, தெரியலைன்னு சொல்லுங்க. அதுவும் உதவிதான்.

டிஸ்கி: தாயத்து வியாபாரிகள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம். ஆனா எர்ரர் மெசேஜை முழுசா ஒட்டணும் :-)