காதுக்குள் ஒரு போர்க்களம்

பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் எழும் கோரிக்கைகளுள் இப்போது இதுவும் ஒன்றாகிவிட்டது: "வாப்பா, மைக் வைத்த கேமிங் இயர்போன் ஒன்று வேண்டும்." வீட்டில் நல்ல நிலையில் ஓர் இயர்போன் இருக்கையில் இன்னொன்று எதற்கு என்று வாப்பா வினவுவார். "இதில் எதிரியின் காலடிச் சத்தம் கேட்பதில்லை, நான் பேசுவதும் கூட்டாளிகளுக்கு விளங்குவதில்லை" என்பான் மகன். பிள்ளை சாக்குச் சொல்கிறான் என்று இதைத் தள்ளிவிட இயலாது. அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மைக்குள்ளேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பணம் கொடுக்குமுன் பெற்றோர் இரண்டையும் அறிந்துகொள்வது நலம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். காதுத் துளைக்குள் செருகும் இயர்போன். இடப்பக்கமோ வலப்பக்கமோ வாயை நோக்கி வளைந்து வரும் ஒரு மெல்லிய மைக். வேண்டாதபோது அதைக் கழற்றிவிடலாம். அமெரிக்காவின் டர்ட்டில் பீச் நிறுவனம் 2019இல் வெளியிட்ட 'பேட்டில் பட்ஸ்' இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. வெளிவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 30 டாலர். கழற்றி மாட்டும் மைக்கோடு, வயரிலேயே இன்னொரு சிறு மைக்கும், மூன்று அளவுகளில் ரப்பர் முனைகளும் அதில் உண்டு. இதே அமைப்புடைய மலிவுப் பொருள்கள் நம் கடைத்தெருக்களில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன.

வாய்க்கருகில் வரும் மைக் வீண் ஆடம்பரம் அன்று. ஒலி பிறக்கும் இடத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால், அந்த ஒலி 6 டெசிபல் கூடுதலாக மைக்கில் விழுகிறது. வயரில் தொங்கும் மைக் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றும், வளைந்து வரும் மைக் 5 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றும் கொண்டால், 12 டெசிபல் ஆதாயம். மின்விசிறியின் இரைச்சலோ அடுக்களையின் குக்கர் விசிலோ மாறாதிருக்க, பேசுபவனின் குரல் மட்டும் அவற்றுக்கு மேலே எழுந்து நிற்கிறது. சட்டைப் பொத்தானில் மைக் உரசும் கரகரப்பும் இல்லை. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரத்தில் வைத்தால் மூச்சுக்காற்று மோதாது.

வயர் இல்லாத புளூடூத் கருவிகள் மலிந்த இக்காலத்தில் வயர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சாதாரண புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்தே காதை அடைகிறது. பாட்டுக்கு அது பொருட்டன்று. திரையில் சுட்ட பிறகு காதில் வெடிப்பது விளையாட்டில் தொல்லை. மேலும், பெரும்பாலான புளூடூத் கருவிகளில் மைக்கை இயக்கியதும் கேட்கும் ஒலியின் தரம் தாழ்ந்துவிடும். ஆகவே இந்த வேலைக்கு மலிவான வயர் கருவியே விலைகூடிய பலவற்றைவிட மேல்.

இனிக் காலடிச் சத்தத்திற்கு வருவோம். ஓர் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை இரு காதுகளும் சேர்ந்தே அறிகின்றன. வலப்பக்க ஒலி வலக்காதை முந்தி எட்டுகிறது. இடக்காதை எட்ட ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே பிந்துகிறது. சற்று மெலிந்தும் விழுகிறது. இந்த நுண்ணிய வேறுபாட்டை மூளை கணித்துத் திசை காண்கிறது. இதற்கு இரண்டு முனைகளும் காதில் ஒரே சீராகப் பொருந்தியிருப்பதே முக்கியம். பெட்டியின்மேல் '7.1 ஒலி' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிப்பான்கள் உள்ள கருவியில் அது மென்பொருளின் கணக்கு வித்தையே. அதற்கென்று கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

ஆபத்து எங்கே என்கிறீர்களா? காலடி மெல்லிய ஒலி; அதைக் கேட்கவே பையன் ஒலியளவைக் கூட்டுகிறான். மறுநொடி வெடிக்கும் துப்பாக்கியும் குண்டும் அதே கூட்டிய அளவிலேயே செவிப்பறையில் மோதுகின்றன. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் காதொன்றுக்கு ஏறத்தாழ 15,000 உள்ளன. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு அந்த அளவு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில், பெரியவர் ஒருவருக்கே 89 டெசிபலில் வாரம் முழுமைக்கும் 5 மணி நேரந்தான். விடுமுறையில் நம் பிள்ளைகள் அதை இரண்டு நாளில் தீர்த்துவிடுவார்கள். 2025இல் இவ்விரு அமைப்புகளும் வீடியோ விளையாட்டுகளின் ஒலிக்கென்றே தனித் தரநிலை ஒன்றை வெளியிட்டன என்றால், விஷயம் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதை உணரலாம்.

வழி இல்லாமல் இல்லை. மூன்று அளவு ரப்பர் முனைகளில் காதை நன்கு அடைப்பது எது என்று பிள்ளையைப் பொறுமையாகப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் பெட்டியில் மாட்டி வந்த முனையை மாற்றுவதே இல்லை. முனை சரியாக அடைத்தால் வெளி இரைச்சல் தடைப்படும். குறைந்த ஒலியிலேயே காலடி கேட்கும். மேலும், பல விளையாட்டுகளில் பின்னணி இசை, வெடியொலி, பேச்சு ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவுகள் உண்டு. இசையை அறவே நீக்கி, வெடியொலியைத் தனியே குறைக்க முடிந்தால் குறைத்துவிட்டால், மொத்த ஒலியைக் கூட்ட வேண்டிய அவசியமே நேராது.

காதுக்குள் என்ன அளவு ஒலிக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிவது எவ்வாறு? இரைச்சலில் இருப்பவர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவார் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதியிருக்கிறார். மூடிய அறைக்குள் மகன் கூட்டாளியிடம் கத்திக்கத்திப் பேசுகிறானா? சண்டையின் உற்சாகமும் காரணமாகலாம். ஆயினும் உம்மா உள்ளே சென்று முதலில் பார்க்க வேண்டியது திரையில் உள்ள ஒலியளவைத்தான்.

வாங்கும்போது செருகியையும் கவனியுங்கள். மைக் உள்ள இயர்போனின் செருகியில் மூன்று கறுப்பு வளையங்கள், நான்கு உலோகப் பகுதிகள் இருக்கும். வீட்டுக் கணினியில் ஒலிக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளைகள் இருந்தால் பிரிப்பான் ஒன்று கூடுதலாக வேண்டும். இயர்போன் துளையே இல்லாத மொபைலாயின் டைப்-சி இணைப்பான் தேவை. எல்லா இணைப்பானும் எல்லா மொபைலிலும் இயங்குவதில்லை. ஆதலால் மொபைலைக் கையோடு கொண்டு சென்று, கடையிலேயே மாட்டிப் பேசிப் பாருங்கள். கழன்ற மைக்கு மாற்று மைக் தனியே கிடைக்குமா என்றும் கேட்டுவையுங்கள். தொலைவது முதலில் அதுதான்.

அண்ணனும் தம்பியும் ஒரே கருவியைப் பகிர்ந்தாலும் ரப்பர் முனைகள் ஆளுக்கொரு சோடி இருக்கட்டும்; அவ்வப்போது அவற்றை மட்டும் கழற்றி, மென்சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டலாம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் மிஞ்சிய முனைகளைத் தரையில் விட்டுவைக்காதீர்கள், வாயில் போட்டுக்கொள்ளும். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு அது ஆறும்வரை இக்கருவியே கூடாது. விளையாடி எழுந்தபின் காதில் இரைச்சலோ அடைப்போ இருப்பதாகப் பிள்ளை சொன்னால் அன்றே இயர்போனை எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாளும் அது தொடருமாயின் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தாமதிக்க வேண்டா.